வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 66 வயது. எலும்புப்புரை நோய்க்கு முதலில் வாரம் ஒரு மாத்திரை சாப்பிட்டேன். காலைக் காப்பிக்குப் பிறகு போட்டாலும் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசியை மூன்று ஆண்டுகள் போட்டுக்கொண்டேன். கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று போனபோது, ஊசியை நிறுத்தினால்தான் பிடுங்க முடியும் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த ஊசி தாடை எலும்பை அழுக வைக்கும் என்று ஒரு காணொளியிலும் பார்த்தேன். கடைசி ஊசி போட்டு 10 மாதம் ஆகிறது. முடி கொட்டுவது, மலச்சிக்கல், முழங்கால் வலி எல்லாம் அந்த மருந்தால்தானா? பக்க விளைவே இல்லாத மருந்து உண்டா? தினமும் போடும் ‘எலும்பு வளர்க்கும் ஊசி’க்கு மாறலாமா? பிரண்டையும் கேழ்வரகும் போதாதா? என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாக நடுமுதுகில் வாயுப் பிடிப்பு வேறு. தைலம் தடவி, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தைலத்தை எடுத்து வைத்துவிட்டு, நாளைக் காலையே மருத்துவரிடம் போய் முதுகுத்தண்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். மற்றவை பிறகு.

இத்தனை கேள்வி கேட்ட நீங்கள், முதுகைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். டெனோசுமாப் ஊசியை நிறுத்திப் பத்து மாதம் ஆனவருக்கு நடுமுதுகில் புதிதாக வலி வந்தால், முள்ளெலும்பு நொறுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நான் தேடத் தொடங்குவேன். எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தால் மகிழ்ச்சி.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். எலும்பு ஒருமுறை கட்டி முடித்து விட்டுவிடுகிற சுவர் அல்ல. உடம்பு அதை ஓயாமல் அரித்து எடுத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அரிக்கும் செல்கள் உருவாகாமல் தடுப்பதுதான் டெனோசுமாப்பின் வேலை. நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு மதகு தெரியும். இந்த ஊசி மதகைப் போலத்தான். அடைத்திருக்கும் வரை வயல் பத்திரம். ஆறு மாதத்தில் மருந்தின் பிடி தளரும்போது அடுத்த ஊசி இல்லையென்றால், தேங்கி நின்ற அத்தனையும் ஒரே நேரத்தில் பாயும். எலும்பு அரிப்பு மருந்து தொடங்குவதற்கு முன் இருந்த அளவையும் தாண்டி எகிறும். மூன்று ஆண்டுகளில் சேர்த்த எலும்பு ஓரிரு ஆண்டுகளில் கரைந்துபோகும். கடைசி ஊசியிலிருந்து ஏழாம் மாதத்திலேயே முள்ளெலும்புகள் முறிந்தவர்கள் உண்டு. அதுவும் ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று என அடுத்தடுத்து.

நீங்கள் முதலில் சாப்பிட்ட மாத்திரை அலெண்ட்ரோனேட்டாக இருக்க வேண்டும். அந்த வகை மருந்து எலும்பிலேயே படிந்து ஆண்டுக்கணக்கில் தங்கும். அதனால்தான் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களில், முறிவு ஆபத்து குறைவாக இருப்பவர்களுக்குச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாம் என்கிறோம். காணொளிகளில் ‘மருந்துக்கு விடுமுறை கொடுங்கள்’ என்று பேசுகிறவர்கள் இதைத்தான் எங்கோ கேட்டுவிட்டு எல்லா மருந்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். டெனோசுமாப்புக்கு விடுமுறை கிடையாது. நிறுத்துவதென்றால் அதன் இடத்தில் வேறொரு மருந்தை வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதை உங்களிடம் முதல் ஊசியின்போதே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பது உங்கள் தவறு அல்ல.

நம் ஊரில் முதுகில் எது வந்தாலும் வாயுப் பிடிப்புதான். பெரும்பாலும் அதனால் கேடில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் முள்ளெலும்பு முறிய கீழே விழ வேண்டும் என்பதே இல்லை. தண்ணீர் வாளியைத் தூக்கியது, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தது, பலமாக ஒருமுறை இருமியது என ஏதாவது ஒன்றே போதும். வலி எப்போது தொடங்கியது என்று நாளும் வேளையும் உங்களால் சொல்ல முடிகிறதா? படுத்தால் தணிந்து, புரளும்போதும் எழும்போதும் உயிர் போகிறதா? முதுகின் நடுக்கோட்டில் ஓரிடத்தில் மகள் விரலால் தட்டினால் துள்ளுகிறீர்களா? வழக்கம்போல் கட்டியும் புடவை இப்போது தரையில் புரள்கிறதா? குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்றால் பின்தலை சுவரைத் தொட மறுக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் சந்தேகம் வலுக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை யாரிடமும் சுளுக்கு எடுக்கப் போகக் கூடாது. எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். குனிந்து எதையும் தூக்காதீர்கள். கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த வலி மாத்திரையையும் இன்றோடு விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இரண்டு வாரம் வலி மாத்திரை விழுங்குவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. சிறுநீரகம் கெட்டால், நான் கீழே சொல்லப்போகும் மாற்று மருந்துக்கான வழியும் அடைபட்டுவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம்.

இப்போது தாடை. ஊசிக்கும் தாடை எலும்புச் சிதைவுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. எத்தனை பேருக்கு என்பதைத்தான் காணொளிக்காரர் சொல்லவில்லை. டெனோசுமாப் போட்டுக்கொண்ட பெண்களைப் பத்து ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வில், ஓர் ஆண்டில் 10,000 பேருக்கு ஏறக்குறைய 5 பேருக்கு அது வந்தது. இணையத்தில் உலவும் கோரமான படங்கள் பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே வகை மருந்துகளை மிக அதிக அளவில் எடுத்தவர்களுடையவை. உங்கள் பல் மருத்துவர் எச்சரிக்கையாக இருந்தது சரி. மாற்று ஏற்பாடு இல்லாமல் ஊசியை நிறுத்தச் சொன்னது சரியல்ல. ஊசி போட்டு நான்கைந்து மாதங்கள் ஆன பிறகு பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறியதும் அடுத்த ஊசியைத் தவறாமல் போட்டிருக்கலாம். சீழ் பிடித்த பல்லை வாயில் வைத்துக்கொண்டிருப்பதுதான் தாடைக்குப் பெரிய ஆபத்து. எனவே பல்லையும் உடனே கவனியுங்கள். பல்லுக்காக முதுகோ, முதுகுக்காகப் பல்லோ காத்திருக்கக் கூடாது. பல் எடுத்த புண் எட்டு வாரமாகியும் ஆறாமல் உள்ளே எலும்பு தெரிந்தால் அப்போது கவலைப்படுவோம்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது தாடை என்று நான் நினைக்கவில்லை. அம்மாவின் அந்த எட்டு மாதங்கள். மருமகள் கையை எதிர்பார்த்துப் படுத்துக் கிடக்கும் நிலை நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடும். அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டு டெனோசுமாப் இடுப்பு முறிவை 40 சதவீதமும் முள்ளெலும்பு முறிவை 68 சதவீதமும் குறைத்தது. தாடைக்குப் பயந்து நீங்கள் கைவிட்டது இந்தப் பாதுகாப்பை.

இனி என்ன செய்யலாம்? எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால், இரத்தத்தில் கால்சியம் அளவைச் சரிபார்த்துவிட்டுப் பெரும்பாலும் டெனோசுமாப்பையே உடனே மறுபடி தொடங்குவோம். மதகை முதலில் அடைக்க வேண்டும். நொறுங்கிய எலும்புக்குள் சிமென்ட் செலுத்தலாம் என்று யாராவது சொன்னால், எலும்புக்கான மருந்து தொடங்கிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாமல் ஓர் எலும்பைக் கெட்டியாக்கினால் பக்கத்து எலும்பு நொறுங்கக்கூடும்.

முறிவு இல்லையென்றால் இரண்டு வழிகள். ஊசியை மீண்டும் தொடங்கி, இனி ஒருநாளும் தேதி தவறாமல் தொடர்வது ஒன்று. அலெண்ட்ரோனேட் வகையைச் சேர்ந்த சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராமை ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்வது மற்றொன்று. செலவுதான் உங்களைத் தயங்க வைத்தது என்றால் இரண்டாவது வழி கைக்கு அடக்கம். அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். செலவைச் சொல்லாமல் ஊசியை விட்டுவிட்டு, முதுகு வளைந்து திரும்பி வருகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோகிறது. சோலெட்ரானிக் ஆசிட் முதல்முறை ஏற்றும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். அது ஒவ்வாமை அல்ல. மூன்று நாளில் போய்விடும், அடுத்த ஆண்டு பெரும்பாலும் வராது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் போடுங்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதும், வைட்டமின் டி குறைவாக இருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

‘எலும்பு வளர்க்கும் ஊசி’ என்று நீங்கள் குறிப்பிடுவது டெரிபாரடைட். நல்ல மருந்து, ஆனால் உங்களுக்கு இப்போது அல்ல. டெனோசுமாப்பை விட்டுவிட்டு நேராக அதற்கு மாறியவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி முதலில் குறைந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அற்புதமாக வேலை செய்திருக்கலாம். அவர் அதற்கு முன் டெனோசுமாப் போட்டவராக இருந்திருக்க மாட்டார்.

அலெண்ட்ரோனேட் ஒத்துக்கொள்ளாதது போலவே தெரியவில்லை. சாப்பிட்ட முறைதான் தவறு. காப்பிக்குப் பிறகு சாப்பிட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் ஒரு பெரிய தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். அடுத்து எப்போதாவது அதற்குத் திரும்ப நேர்ந்தால் நினைவிருக்கட்டும்.

முடி கொட்டுவது இந்த ஊசியின் பக்க விளைவுகளில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் உங்களுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும். எலும்புப்புரை வேறு, அது வேறு. மலச்சிக்கலுக்குக் கால்சியம் மாத்திரை காரணமாக இருக்கலாம், அளவை மருத்துவர் பார்க்கட்டும். வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தை நீங்களாகவே மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது மிஞ்சினால் கால்சியம் ஏறி மலச்சிக்கலும் வாந்தியும் வரும், சிறுநீரகமும் பாழாகும்.

பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், கேழ்வரகுக் களி சாப்பிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் தேவை. ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு வேகிறதே தவிர, கால்சியம் அதிகம் இறங்குவதில்லை. உணவு சுவர் கட்டச் செங்கல் தரும். திறந்துகிடக்கும் மதகை அதனால் அடைக்க முடியாது.

பக்க விளைவே இல்லாத மருந்து கிடையாது, அம்மா. உங்கள் இடத்தில் என் சகோதரி இருந்தால், டெனோசுமாப்பைத் தொடரச் சொல்வேன். நிறுத்தும் நாள் வரும்போது சோலெட்ரானிக் ஆசிட் ஏற்றிவிட்டு நிறுத்தச் சொல்வேன்.

நாளை போகும்போது கடைசி ஊசியின் தேதியை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் பழைய டெக்சா ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதுவும் வேண்டும். முகாமில் குதிகாலை வைத்துப் பார்த்த ஸ்கேன் இதற்கு உதவாது. ‘முதுகு வலிக்கிறது’ என்று தொடங்காதீர்கள். ‘டெனோசுமாப் நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது, இப்போது முதுகு வலிக்கிறது’ என்று தொடங்குங்கள். எக்ஸ்ரே நடுமுதுகும் கீழ்முதுகும் பக்கவாட்டில் தெரியும்படி இருக்க வேண்டும். அதோடு கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றுக்கும் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.