டயாலிசிஸ் செய்துகொள்பவர் உடற்பயிற்சி செய்யலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது, சர்க்கரை நோய் உண்டு. எட்டு மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ், இடது கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்). டயாலிசிஸ் இல்லாத நாளிலும் அசதி என்று படுத்தே கிடக்கிறார். மகன் நடக்கச் சொல்கிறான், மாமியார் உடம்பை அலட்டக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நான் உங்கள் மகன் பக்கம். ஆனால் நாளைக்கே கிளப்பிவிடாதீர்கள், முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். ரத்தம் ஊறத் தேவையான எரித்ரோபொயட்டின் ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம்தான், அது கெட்டால் ரத்தசோகை கூடவே வரும். 7, 8-இல் இருப்பவரை நட நட என்று விரட்டுவது வதைப்பதுதான். இரும்புச்சத்தும் அந்த ஹார்மோன் ஊசியும் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளி என்பதால் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி என்றால், தசை கரைவதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. படுத்தே இருந்தால் தொடைத்தசை இளைக்கும், இளைத்தால் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், அப்புறம் ஏன் வம்பு என்று மறுபடி படுப்பார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், ஐந்து தடவை போதும். கூடவே வாசலில் பத்து நிமிட நடை, பேச்சு கொடுத்தால் பதில் சொல்ல முடிகிற வேகத்தில். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, முடிந்தால் வாரத்துக்கு 150 நிமிடம் வரை போகலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நடந்தால் ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் இறங்கி டயாலிசிஸ் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள்.

சில இடங்களில் டயாலிசிஸ் நடக்கும்போதே காலால் பெடல் சுற்ற வைக்கிறார்கள். அதை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம், போகப் போக நீர் இறங்கி பிரஷர் குறையும் என்பதால். ஃபிஸ்துலா கையில் கனமான பையைத் தொங்கவிடக் கூடாது, மென்மையான பந்தைப் பிசையலாம். டயாலிசிஸ் தவறிய நாள், காய்ச்சல், மூச்சுத்திணறல் இருந்தால் பயிற்சியே வேண்டாம். நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும்.

நடந்து வந்ததும் தாகம் என்பார். பாவம் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர் சொன்ன அளவுக்குள்தான். வாய் கொப்பளிக்கலாம், ஐஸ் துண்டு கொடுத்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.