ஆரோவிலில் டென்ட் போட்டுத் தங்கலாமா?

கேள்வி: ஆரோவில் மாதிரி ஒரு சூழல் கிராமத்தில் விருந்தினராகப் போய், டென்ட் அடித்து நாலைந்து நாள் தங்க ஆசை. ஹோட்டல் வசதி எதிர்பார்க்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

நான் தங்கியிருக்கிறேன். ஆனால் நினைத்த இடத்தில் போய் விரித்துவிட முடியாது. ஆரோவில் என்பது வேலி போட்ட ஒரே வளாகம் அல்ல. காடும் வயலும் கிராமங்களும் கலந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் பல குடியிருப்புகள். எந்தக் குடியிருப்பில் தங்க வேண்டுமோ அவர்களிடம் முன்பே எழுதிக் கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகு கிளம்புங்கள். நான் போனது பசுமை வளையத்தில் (ஆரோவிலின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள காடும் வயலும்) உள்ள ஒரு சின்னக் காட்டுக் குடியிருப்புக்கு, புரட்டாசியில். மாதத்தைக் கவனியுங்கள், அதில்தான் கதையே இருக்கிறது.

அந்த மண் காய்ந்தால் சிமெண்ட். டென்ட்டோடு வந்த அலுமினிய முளைகளில் மூன்று முதல் அடியிலேயே வளைந்துவிட்டன. கயிற்றைப் பக்கத்தில் இருந்த மரத்தில் கட்டப் போனேன். அது கருங்காலிக் கன்று, என் இடுப்புயரம் வரவே பல வருஷம் ஆகியிருக்கிறதாம், தொடக்கூடாது என்றார்கள். சுற்றிப் பார்த்தேன். ஒரு மண்கரைக்கு உட்புறம் அகலமான பள்ளம், நல்ல நிழல், பஞ்சு மாதிரி மண். முளை விரலால் அழுத்தினாலே இறங்கியது. அங்கே வேலை செய்யும், பக்கத்து ஊரான இடையஞ்சாவடியைச் சேர்ந்த அக்கா ஒருவர் போகிற போக்கில், "தம்பி, அது தண்ணி நிக்கிற எடம்" என்றார். மழை பெய்து ஒரு மாசம் ஆச்சே என்று நான் சிரித்தேன்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது அங்கே காடு இல்லை. மரம் போன செம்மண் மேடு. மழை பெய்தால் தண்ணீர் ஓடைகளை அறுத்துக்கொண்டு மண்ணோடு கடலுக்குப் போய்விடும். மரம் நடுவதற்கு முன் அந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குத்தான் கரைகள். ஓடிவரும் தண்ணீர் கரையில் முட்டி நின்று, வண்டலைப் படியவிட்டு, மெல்ல உள்ளே இறங்கும். பஞ்சு மண் என்று நான் மகிழ்ந்தது அந்த வண்டல்தான். (கரை கட்டியதையும் குழி வெட்டியதையும் பற்றிப் பேசும்போது வெளிநாட்டுக்காரர்களின் பெயர்தான் அதிகம் அடிபடுகிறது. மண்வெட்டி பிடித்தவர்களில் பாதிக்கு மேல் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி மாதிரி ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.)

அன்று இரவு பதினொரு மணிக்கு இடி. அரை மணி நேரத்தில் டென்ட்டுக்குள் பாய் மிதந்தது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி, பொதுச் சமையலறைத் திண்ணையில் இரண்டு நாய்களோடு படுத்தேன். காலையில் அக்கா வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பார்த்தார், எங்கும் உடையவில்லை. "முழங்கால் வரைக்கும் நின்னிருக்கு" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. அப்புறம்தான் எனக்குக் காபி.

மழைக்கு அடுத்தபடி நீங்கள் தயாராக வேண்டியது கழிப்பறைக்கு. நான் இருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றாத உரக் கழிப்பறை: போன பிறகு ஒரு கை மரத்தூள் போட வேண்டும், கழுவுவதற்குத் தனி இடம். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும். ஒழுங்காகத் தூள் போட்டால் நாற்றம் கிடையாது, நம் பேருந்து நிலையங்களைவிட எவ்வளவோ மேல். குளிக்க ஒரு வாளி. அந்தத் தண்ணீர் வாழைக்குப் போவதால் கடைச் சோப்பு கூடாது. சீயக்காயும் பயத்தம் மாவும் கொண்டுபோங்கள். போனை வெயில் இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள், எல்லாம் சூரிய மின்சாரம்.

காலை ஆறரைக்கு வேலை. கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் கிளம்பும்போது நீங்கள் மட்டும் டென்ட்டில் படுத்திருக்க முடியாது. எனக்குக் கிடைத்தது கன்றுகளைச் சுற்றி மூடாக்குப் போடும் வேலை, அதாவது காய்ந்த இலைதழையால் மண்ணை மூடுவது. பாலை, காசா, கருங்காலி என்று எல்லாம் இந்தக் கடற்கரையோரத்தின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டு (வறண்ட காலத்திலும் பச்சையாகவே நிற்கும் காடு) மரங்கள். அப்படிக் காடு மிச்சமிருந்தது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் ஒரு தொகை கேட்பார்கள், அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். டென்ட்தானே, இலவசமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

டென்ட் போடும்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு மரத்தடியைத் தவிர்க்கவும். வேகமாக வளரும் என்று ஆரம்பத்தில் ஏராளமாக நட்டார்கள். கிளை சுலபமாக ஒடியும். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் இந்த வகை மரங்கள் நிறைய சாய்ந்தன. டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேள் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். சித்திரை வெயிலில் டென்ட் அடுப்பாகிவிடும். தை, மாசி சரியான காலம், இரவில் ஒரு போர்வை போதும். இரும்பு முளையும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். மண் சுலபமாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் மேட்டுப் பக்கம் நடங்கள்.