மேய்ச்சல் பன்றிக்கறி வாங்கப் போகிறீர்களா? முதலில் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள்

"புல் மேய்ந்த பன்றி" என்று சொல்லிக் கிலோ 600 ரூபாய் கேட்கிறார்கள். சாதாரண வெண்பன்றிக்கறியைவிடச் சத்து அதிகமா? (கோவை)

கொஞ்சம் அதிகம்தான், அந்த விலைக்கு ஏற்ற அளவு இல்லை. பன்றி மாடு மாதிரி அசை போடாது, வெறும் புல்லைத் தின்று உடம்பு வைக்க அதனால் முடியாது. வேலிமசால், அகத்தி, சர்க்கரைவள்ளிக் கொடி என்று என்னதான் மேய்ந்தாலும் வயிறு நிறைவது மக்காச்சோளத்திலும் தவிட்டிலும் புண்ணாக்கிலும்தான். ஆனால் பன்றி தின்கிற கொழுப்பு பெரிதாக மாறாமல் அதன் கொழுப்பில் ஏறும், அதனால் பச்சை தின்றதில் ஒமேகா 3 சற்றுக் கூடும், வெயிலில் திரிந்ததில் வைட்டமின் டி கூடும். பி1 எந்தப் பன்றியிலும் நிறைய உண்டு. ஒமேகா 3க்காக மட்டும் வாங்குவதானால் அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்குங்கள்.

மூலத்துக்குப் பன்றிக்கறி மருந்து என்று மாமியார் வாரம் மூன்று நாள் சமைக்கச் சொல்கிறார். (திண்டுக்கல்)

மருந்து இல்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்ற நம்பிக்கையில் சொல்கிறார்கள். மூலத்துக்கு வேண்டியது நார்ச்சத்தும் தண்ணீரும், கறியில் நார்ச்சத்து துளியும் கிடையாது. கீரையைக் கூட்டுங்கள், ரத்தம் போனால் டாக்டரிடம் போங்கள்.

வெண்பன்றி என்றால் கோழி மாதிரி வெள்ளைக்கறி தானே?

இல்லை. தோல்தான் வெள்ளை, கறி சிவப்பு இறைச்சிக் கணக்கில்தான் வரும்.

தோட்டத்தில் சுதந்திரமாகத் திரிகிற பன்றி, கொட்டிலில் அடைத்த பன்றியைவிடப் பாதுகாப்பானது தானே? பிள்ளைகளுக்கு அதைத்தான் வாங்க நினைக்கிறேன். (சேலம்)

இதற்குப் பத்துத் தடவையாவது பதில் எழுதியிருப்பேன், இன்னும் எழுதுவேன். திறந்தவெளியில் வளர்ந்தது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. பன்றிக்கு எட்டுகிற இடத்தில் மனிதர்கள் மலம் கழித்து, அதில் நாடாப்புழு முட்டை இருந்தால், அதைத் தின்கிற பன்றியின் சதையில் புழுக்குஞ்சு அடங்கிய நீர்க்கட்டி உண்டாகும். சுத்தமான சிமெண்ட் தரைக் கொட்டிலில் அந்த ஆபத்து மிகக் குறைவு. போன வருடம் மலையடிவாரத்தில் ஒரு மேய்ச்சல் பண்ணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேப்பமர நிழல், புரள்வதற்குச் சேற்றுக்குட்டை, நாற்பது பன்றி, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. வேலையாட்கள் எங்கே வெளிக்குப் போகிறார்கள் என்று கேட்டேன், கம்பி வேலிக்கு உள்ளேயே இருந்த சீமைக்கருவேலப் புதரைக் கை காட்டினார்கள். அன்றைக்கு அறுத்ததில் ஒன்றின் நாக்கையும் தோள்சதையையும் கீறிப் பார்த்தால், அரிசியிலிருந்து சின்னப் பட்டாணி அளவு வரை, தெளிந்த நீர்க்குமிழி மாதிரி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு கட்டிகள், உள்ளங்கை அகலத் துண்டில் ஏழெட்டு இருந்தன. அதைப் பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லி விற்க இருந்தார்கள், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இன்னொன்றையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கட்டியுள்ள கறியை அரைவேக்காடாகத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். வலிப்பைக் கொண்டுவருகிற, மூளையில் வரும் இதே நாடாப்புழுக் கட்டிக்குக் காரணம், அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவோ நம் வாய்க்கு வருவது. கறியே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் அது வருவது இதனால்தான். ஆகவே பண்ணைக்குப் போனால் பச்சைப்புல்லைப் பார்த்து மயங்காமல் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள், அப்புறம் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், அறுத்த கறியைக் கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடுமா?

தனி டீப் ஃப்ரீசரில் மைனஸ் 15க்குக் கீழே நாலைந்து நாள் இருந்தால் இந்த நாடாப்புழுக் கட்டி சாகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பாதீர்கள். எப்படி வைத்தாலும் உள்ளே சிவப்புத் தெரியாமல் வேகட்டும். குக்கரில் வேகும் குழம்புக்குப் பயமில்லை, கம்பியில் குத்திச் சுடும் கனத்த துண்டுதான் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

ஓட்டல் மிச்சம் போட்டு வளர்த்த பன்றியை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஓசூர்)

முழு நிச்சயமாக முடியாது, ஆனால் கொழுப்பு கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் மிதக்கிற மிச்சத்தில் வளர்ந்ததன் கொழுப்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிறகும் கொழகொழவென்று விரல் பதியும். நல்ல தீவனத்தில் வளர்ந்தது வெள்ளையாக, அதைவிடக் கெட்டியாக இருக்கும். மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடுவது பண்ணைக்கே கேடு, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. மனிதருக்கு அந்தக் காய்ச்சல் ஒட்டாது, அது பற்றி எழுதிய நாலு பேருக்கும் இதுவே பதில்.

காட்டுப்பன்றிக் கறி கிடைக்கிறது, அதைவிட இயற்கையானது உண்டா?

வாங்காதீர்கள். வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தக் கறியை யாரும் சோதித்தும் இருக்க மாட்டார்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் மேலே சொன்ன ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் கொத்தாகச் செத்தது மறந்துவிட்டதா?

வீட்டில் நாலு பேர், அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால். எந்தத் துண்டு வாங்கலாம்?

முதுகுக்கறி அல்லது தொடைக்கறி, தோலும் மேல்கொழுப்பும் எடுத்தது. 100 கிராமுக்கு 150 கலோரி பக்கம் வரும், வயிற்றுப் பகுதியில் அது 500 தாண்டும். மேய்ச்சல் பன்றியாக இருந்தாலும் வயிற்றுப் பகுதி வயிற்றுப் பகுதிதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆளுக்கு 100 கிராம், கூடவே காய். பேக்கனும் சாசேஜும் வேண்டாம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் வரவைக்கும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015லேயே சேர்த்துவிட்டது.

ஒரு பண்ணையில் 2 கிலோ வாங்கினேன். நல்லதா?

எந்த ஊர், என்ன தீவனம், யார் அறுத்தார்கள், எந்தத் துண்டு, எதுவும் எழுதாமல் "நல்லதா" என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? பண்ணைக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு விவரத்தோடு எழுதுங்கள். கழிப்பறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கறியை அதற்குள் சமைப்பதானால் நன்றாக வேகவையுங்கள்.