கையால் சுற்றிய பிக்கப்: கொடுக்கிற காசு காதில் கேட்குமா?

பெரம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “மெல்லிசைக் குழுவிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் கிதார் வாசிக்கிறேன். என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிதார் 22,000 ரூபாய்க்கு வாங்கியது. அதற்குக் கையால் சுற்றிய சிங்கிள் காயில் பிக்கப் மூன்று, செட்டாக 24,000 ரூபாய் சொல்கிறார்கள். ‘அல்னிகோ 5, ஸ்கேட்டர் வைண்டிங், 6.4 கிலோ ஓம்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? நல்ல சரக்குதானா என்று எப்படிப் பார்ப்பது?”

பிக்கப் என்பது காந்தமும் கம்பிச் சுருளும் (காயில்) சேர்ந்து, தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம். கிதாரைவிட விலை கூடிய பிக்கப்பை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தந்திகளுக்கு அடியில் உள்ள தகடான பிக்கார்டைக் கழற்றித் திருப்புங்கள். காயிலுக்கு அடியில் பட்டையாக ஒரு செராமிக் காந்தம் ஒட்டியிருந்தால், மேலே தெரிகிற ஆறு தூண்களும் வெறும் இரும்புதான். அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம்) பிக்கப்பில் அந்தத் தூண்களே காந்தம். இரும்புத் தூண் காயிலின் இண்டக்டன்ஸை (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மையை) ஏற்றிவிடும், மேல் சுருதியின் மினுமினுப்பு குறைந்துவிடும். அதிலிருந்து அல்னிகோவுக்கு மாறினால் வித்தியாசம் நன்றாகவே கேட்கும். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதியை நடுத்தர விலை அல்னிகோ செட்டே கொடுத்துவிடும். உங்களிடம் ஏற்கெனவே அல்னிகோ இருந்தால், 24,000 ரூபாய்க்குக் கிடைப்பது நுணுக்கமான மாற்றம் மட்டுமே.

அடுத்து அந்த 6.4. பலரும் இதைப் பிக்கப்பின் பலம் என்று நினைக்கிறார்கள். அது செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். சாதாரணமாகச் சுற்றுவது 42 கேஜ் கம்பி, தலைமுடியைப் போல மெல்லியது. அதைவிட மெல்லிய 43 கேஜில் சுற்றினால் குறைவான சுற்றிலேயே அதே ஓம் வந்துவிடும், ஆனால் சத்தம் வேறு. இன்னொன்று, செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். குளிர்ந்த ஊரில் 20 டிகிரியில் 6.4 காட்டிய பிக்கப், நம் ஊரில் ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் 33 டிகிரிக்கு 6.7 காட்டும். ‘சொன்னது ஒன்று, வந்தது ஒன்று’ என்று தயாரித்தவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

கேட்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ். ஸ்ட்ராட் வகைக்கு அது ஏறக்குறைய 2.2 முதல் 2.6 ஹென்றிக்குள் இருக்கும். எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி, மெழுகில் ஊற வைத்ததா என்பதையும் கேளுங்கள். அக்கறையோடு வேலை செய்பவர் சந்தோஷமாகச் சொல்வார். கம்பி அறுந்தால் திரும்பச் சுற்றித் தருவாரா என்றும் கேளுங்கள். கைவேலைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குப் பெரிய நியாயமாகத் தெரிவது இதுதான்: சுற்றியவரே உங்கள் காதுக்கு ஏற்றபடி மாற்றியும் தருவார், பழுதும் பார்ப்பார்.

ஸ்கேட்டர் வைண்டிங் என்பது கம்பியை வரிசையாக இல்லாமல் கையால் சிதறலாகச் சுற்றுவது. அதனால் காயிலின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். காயிலின் மொத்த கெபாசிட்டன்ஸே சுமார் 100 பிக்கோஃபாரட். நீங்கள் செருகுகிற கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. 2.4 ஹென்றி பிக்கப்பின் ஒலி 3 மீட்டர் கேபிளில் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் தொடும். 6 மீட்டர் கேபிளில் அது 4,000க்குக் கீழே இறங்கிவிடும், சத்தம் மங்கும். எப்படிச் சுற்றினாலும் இவ்வளவு மாற்றம் வராது. அதனால் முதலில் கேபிளை மாற்றி வாசித்துப் பாருங்கள். ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள ‘பாட்’ (பொட்டன்ஷியோமீட்டர்) என்ற மாறும் மின்தடையை அளந்து பாருங்கள். 250 கிலோ ஓம் என்று எழுதியிருந்தாலும் 200 காட்டுவது உண்டு. அப்படியிருந்தால் சத்தம் மங்கும். நல்ல பாட் போட்டாலே சரியாகிவிடும்.

அப்புறம் உயரம். கடைசி ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) தந்தியை அழுத்திக்கொண்டு, தூணுக்கும் தந்திக்கும் இடைவெளியை அளங்கள். தடித்த ஈ தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கலாம். அல்னிகோ 5 காந்தத்துக்கு இழுவை அதிகம். ரொம்பக் கிட்டே வைத்தால் தந்தியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி கெட்டது போல அலையும். ஒரு முறை ஒருவர் விலையுயர்ந்த செட்டைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக என்னிடம் கொண்டுவந்தார். ஸ்குரூவை இரண்டு சுற்று இறக்கினேன், குறை போய்விட்டது.

தூண்கள் ஏற்ற இறக்கமாக உள்ள ‘விண்டேஜ்’ வகையா என்றும் பாருங்கள். ஸ்ட்ராட் வெளிவந்த 1954இல் மூன்றாவது தந்தி கம்பி சுற்றியது, அதற்காகத்தான் அந்தத் தூண் உயரம். இன்று நாம் மூன்றாவதாகப் போடும், கம்பி சுற்றாத ஜி தந்தியில் அந்த ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். மெல்லிசையில் பாடகருக்குப் பின்னால் கார்ட் வாசிப்பவருக்கு இது நிஜமான தொல்லை. சம உயரத் தூண் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது நினைவை நம்ப வேண்டாம். தந்தி மாற்றி, ஒரே கேபிளில், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிதாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக ஒரே பாட்டை நேரடியாகப் பதிவு செய்யுங்கள். பிக்கப்பை மாற்றியதும் அதையே மறுபடி வாசியுங்கள். இரண்டின் சத்த அளவையும் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் ஒரு நண்பரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சமமாக்காவிட்டால், சத்தம் கூடினதே நல்லதாகத் தோன்றும்.

மேடை இரைச்சலுக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம்மை (ரீங்காரத்தை) வாங்கத்தான் செய்யும். நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் உள்ளதாக இருந்தால் இரண்டாம், நான்காம் ஸ்விட்ச் நிலைகளில் ஹம் அடங்கும். அதைக் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, வாங்குவதாக முடிவு செய்தால் பழைய பிக்கப்பின் ஒயரை வெட்டாமல் சால்டரை உருக்கிக் கழற்றி எடுத்து வையுங்கள். பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம்.