‘தீஹோ கே’க்குப் பின் எந்த இறந்தகாலம்?

தம்பி, ஒருவர் சொன்னதை ஸ்பானிய மொழியில் எடுத்துரைக்கையில், ‘தீஹோ கே’ (இன்னதென்று சொன்னார்) எனத் தொடங்கிய பின் வரும் வினைகளை எல்லாம் சாதாரண இறந்தகாலத்தில் வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மாட்ரிட்டில் எங்கே வாடகை குறைவு, எந்த வகுப்பில் சேரலாம் என்பதையெல்லாம் அண்மையில் வந்தவர்களிடம் கேளுங்கள். இதை மட்டும் நான் சொல்கிறேன்.

தமிழில் ஒருவர் சொன்ன சொற்களை அப்படியே வைத்து ‘என்றார்’ எனச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஸ்பானியத்திலோ, சொன்ன நேரம் கடந்துவிட்டால் உள்ளே இருக்கும் வினையும் பொதுவாக ஒரு படி பின்னே நகர வேண்டும். ‘திருப்பித் தருவேன்’ என்றிருந்தால் ‘தேவோல்வேரியா’. ‘தருகிறேன்’ என்றிருந்தால் ‘தேவோல்வியா’. ‘தந்துவிட்டேன்’ என்றிருந்தால் ‘அபியா தேவுவெல்தோ’. இந்தக் கடைசிப் பொருளுக்குப் பேச்சில் சாதாரண இறந்தகாலமான ‘தேவோல்வியோ’ என்றும் விடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் வந்த புதிதில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த நம்மவர் ஒருவருக்கு, வீட்டுக்காரர் ‘ஃபியான்சா’ எனப்படும் ஒரு மாத முன்பணத்தைத் தராமல் இழுத்தடித்தார். முறையிடப் போன இடத்தில் நண்பர் ‘தீஹோ கே தேவோல்வியோ’ என்றார். தருவதாகச் சொன்னார் என்பது அவர் எண்ணம், தந்துவிட்டதாகச் சொன்னார் என்றே மேசைக்கு அப்பாலிருந்தவர் எழுதிக்கொண்டார். சமையற்கட்டில் வேலை செய்துகொண்டே காதால் மொழி கற்றிருந்த நான் குறுக்கிட்டுத் திருத்தியதை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

கட்டளையை எடுத்துரைப்பது இன்னும் வழுக்கும். ‘மே தீஹோ கே பகாரா’ என்றால் என்னைப் பணம் கட்டச் சொன்னார். ‘பகாபா’ என்றால் தானே கட்டுவதாகச் சொன்னார் என்றுதான் பெரும்பாலும் கொள்வார்கள். மின்கட்டணம் யார் தலையில் விழும் என்பது அந்த ஓரெழுத்தில் இருக்கிறது. ‘தீசே கே’ என நிகழ்காலத்தில் தொடங்கினால் மற்ற வினைகள் நகராது. கட்டளை மட்டும் அப்போதும் ‘பாகே’ என்று உருமாறும்.

குடியுரிமைக்கு மொழியளவில் ஏ2 எனும் அடிப்படை நிலைத் தேர்வே போதும், இதெல்லாம் எதற்கு என்று நம்மவர்கள் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். தேர்வைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அவர்களில் பலர் வீட்டுக்காரரிடம் பேச இன்றும் பள்ளிக்கூடம் போகும் தம் பிள்ளைகளைத்தான் அழைத்துப் போகிறார்கள்.