பெட்டி போகிறது, இன்ஜின் மட்டும் தடம் புரள்கிறது: சக்கரத்தை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மாடல் ரயிலுக்கு எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) நீள்வட்டத் தடம் போட்டிருக்கிறேன். வளைவு 18 அங்குல ஆரம். இணையத்தில் ஒருவரிடம் ஆறு அச்சு உள்ள பழைய டீசல் இன்ஜின் வாங்கினேன். நேர்த்தடம் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் முன்போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் முன்பக்கச் சட்டம்) தடத்தைவிட்டு இறங்கிவிடுகிறது. பெட்டிகளோ அதே இடத்தில் ஒழுங்காகப் போகின்றன. “இன்ஜின் சக்கரம்தான் கோளாறு, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்” என்று விற்றவரே பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்ஜினில் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தடத்தைத்தான்.

பெட்டி போகிறது என்பதால் தடம் சரியாக இருக்கிறது என்று ஆகாது. பெட்டியின் போகியில் இரண்டே அச்சு, அதுவும் தாராளமாக ஆடித் திரும்பும். உங்கள் இன்ஜினின் போகியில் மூன்று அச்சுகள் ஒரே சட்டத்தில் விறைப்பாக நிற்கின்றன. 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. ஆரத்தில் அது சிரமப்பட்டுத்தான் திரும்பும். பல ஆறு அச்சு மாடல்களுக்கு 22 அங்குல ஆரமே பாதுகாப்பு. இறுக்கமான வளைவில் முன்சக்கரத்தின் விளிம்பு, அதாவது தண்டவாளத்தின் உள்பக்கமாகக் கீழே நீளும் ஓரம், வெளித் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டே போகும். அங்கே இணைப்பில் சிறு பிசகு இருந்தால் போதும், ஏறிவிடும்.

இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைத்து அதே திசையில் ஓட்டுங்கள். எந்த முனை முன்னால் போனாலும் அதே இடத்தில் விழுந்தால் தடம்தான் காரணம். ஒரே போகி பல இடங்களில் விழுந்தால் இன்ஜினைப் பாருங்கள். விழும் இடத்தில் குறி போட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். விளிம்பு ஏறும் இடம் ஒன்று, சக்கரம் கீழே விழும் இடம் வேறு. நடுவில் அது தண்டவாளத்தின் தலைமேலேயே சிறிது தூரம் ஓடும். கைபேசியைத் தண்டவாள மட்டத்தில் வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். ஏறும் இடம் தெரிந்துவிடும்.

அந்த இடத்தில் தண்டவாளத்தின் மேலும் உள்பக்கமும் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பெரும்பாலும் ஒரு தண்டவாளத்தின் அடி, இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் உலோகத் துண்டான ஜாயினருக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிரித்து, புது ஜாயினர் போட்டு, இரண்டு அடியும் உள்ளே போகும்படி சேருங்கள். தண்டவாள முனையின் உள்மூலையை ஊசி அரத்தால் லேசாக மழுக்குங்கள். தண்டவாளங்களுக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டையின் நடுவில் அடித்த ஆணியையும் பாருங்கள். அழுத்தி அடித்திருந்தால் கட்டை நடுவில் குழிந்து, இரண்டு தண்டவாளமும் உள்ளே சாய்ந்து, 16.5 மி.மீ. இடைவெளி குறுகிவிடும். ஆணியைச் சற்றே தூக்கினால் சரியாகும்.

தடம் சுத்தமாக இருந்தும் விழுந்தால், ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் காலிப்பரால் அளந்து பாருங்கள், சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ வெளியிடும் எஃகு அளவுத் தகடு ஒன்று போதும், சக்கரம், தடம், பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) மூன்றையும் சோதித்துவிடலாம். போகி கையில் தடையின்றி ஆடுகிறதா, பெட்டியை இணைக்கும் கப்ளரின் கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

சக்கரத்தை மாற்றியே தீர வேண்டிய நிலை ஒன்று உண்டு. உங்கள் இன்ஜின் பழையது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். பழைய மாடல்கள் பலவற்றில் விளிம்பு ஆழமாக, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இருக்கும். 2.54 மி.மீ. உயரமுள்ள கோட் 100 தண்டவாளத்தில் அது ஓடிவிடும். 2.1 மி.மீ. உயரமுள்ள கோட் 83 தடத்தில் விளிம்பின் நுனி, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணித்தலைகளில் இடிக்கும். ஆனால் அப்போது தடம் நெடுக டிக்டிக் என்று கேட்கும். பாயிண்டின் நடுவில் இன்ஜின் குதிக்கும். ஒரே ஓர் இணைப்பில் மட்டும் விழாது. உங்களுக்கு ஒரே இடம்தான் என்பதால் இது அநேகமாகப் பொருந்தாது. டிக்டிக் கேட்டால் மட்டும் சக்கரத்தை மாற்றுங்கள், அதுவும் பல்சக்கரம் பொருந்துகிறதா என்று பார்த்து.

“விளிம்பை ராவித் தருகிறேன்” என்பவர்களிடம் இன்ஜினைக் கொடுக்கவே கூடாது. இரும்புத்தூள் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கூர்மையான விளிம்பு பாயிண்டின் நாக்கைக் கவ்வும். எடையைக் கூட்டுவதாகச் சொல்லி இன்ஜினின் கூரைக்குள் ஈயம் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிசகிய இணைப்பை எடை சரிசெய்யாது, மோட்டார்தான் சூடாகும்.

இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் பெருகக் காரணம் நம் இறக்குமதி முறை. நுட்பமான அளவு மாடலும் குழந்தையின் பிளாஸ்டிக் காரும் சுங்கத்தில் ஒரே தலைப்பு. அடிப்படைத் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. புது இன்ஜின் எட்டாத விலைக்குப் போனால், ஆர்வலர் பழைய சரக்கு விற்பவரிடம்தானே போவார்? பொழுதுபோக்காக ஒரு தொழில்நுட்பத்தைக் கற்கும் பள்ளி மாணவனை இந்தத் தீர்வை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இணைப்பைச் சரிசெய்த பிறகும் விழுந்தால், திருப்பி வைத்து ஓட்டியது, காலிப்பர் அளவு இரண்டையும் வீடியோவில் எடுத்து விற்றவருக்கு அனுப்பி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மேல்மூடியைத் திறந்துவிட்டால், “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று சொல்லிவிடுவார். அதற்காகவே திருகைத் தொட வேண்டாம் என்கிறேன்.