சாம் சுமந்த உப்பு

கேள்வி: எனக்கு 38 வயது. வங்கியில் வேலை. 9 வயதில் ஒரு பையன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மோதிரக் கதையை ('தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') படிப்பதுதான் எனக்கென்று இருக்கும் ஒரே சந்தோஷம். "இந்த வயசுல மாயாஜாலக் கதையா? வாழ்க்கையைப் பார்த்து ஓடி ஒளியுறே" என்கிறார் கணவர். புத்தகத்தை மூடினால் வீடும் ஆபீசும் சப்பென்று இருப்பதும் உண்மைதான். சந்தோஷமாக வாழ இந்தக் கதைகளில் ஏதாவது இருக்கிறதா, இல்லை விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விட வேண்டாம். உங்கள் கணவர் சொல்லும் குற்றச்சாட்டு டோல்கீன் காலத்திலேயே இருந்தது. தேவதைக் கதைகளைப் பற்றி 1939-ல் ஸ்காட்லாந்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பிறகு அதைக் கட்டுரையாக விரித்தபோது இதற்குப் பதிலும் எழுதினார். சிறையில் கிடப்பவன் வெளியேறத் துடிப்பதும், சிப்பாய் களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. சொன்னவர் களம் காணாதவரும் இல்லை. 1916-ல் பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். முதல் உலகப் போர் முடிவதற்குள் உயிர் நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பறிகொடுத்தவர்.

எனக்கு உறுத்துவது அந்த 'சப்பென்று'தான். நீங்கள் உருகிப் படிக்கும் ஆட்கள் அந்தப் பயணம் முழுக்க எதற்கு ஏங்குகிறார்கள் என்று கவனித்தீர்களா? மந்திரத்துக்கு இல்லை. சூடான சாப்பாட்டுக்கும் சொந்த ஊருக்கும்தான். தீய மோதிரத்தை அழிக்கப் போகும் எசமான் ஃப்ரோடோவுக்குத் துணையாகப் போகிற தோட்டக்காரன் சாம். அவன் தன் மூட்டையின் அடியில், ஒரு தட்டையான மரப்பெட்டியில், கொஞ்சம் உப்பை ஒளித்துச் சுமந்துகொண்டு போகிறான். எதிரியின் எல்லைக்குப் பக்கத்தில், இரண்டு முயல் கிடைத்ததும் அடுப்பு மூட்டி, மூலிகை தேடிக் குழம்பு வைக்கிறான். மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த இடம் அது. பிற்பாடு சுமை தாங்காமல் பாத்திரங்களைப் பிளவுக்குள் வீசும்போது அவன் நெஞ்சு உடைகிறது. ராஜ்யங்கள் கவிழ்ந்துகொண்டிருக்கும் கதையில் ஒரு சட்டிக்காக நம்மைக் கலங்க வைக்கிறார் டோல்கீன், பாருங்கள்.

அந்த மோதிரம் சாமுக்கும் ஆசை காட்டுகிறது. நீ நினைத்தால் இந்தப் பாழ்நிலம் முழுவதும் பூந்தோட்டம் ஆகும், ஆயிரம் பேர் உன் சொல் கேட்பார்கள் என்கிறது. எசமான் மேல் வைத்த அன்பும், அவனுக்கே உரிய நாட்டுப்புறப் புத்தியும் அவனைக் காப்பாற்றுகின்றன. தன் கையால் கொத்தக்கூடிய ஒரு சின்னத் தோட்டம் போதும், ஏவல் செய்ய அடுத்தவர் கை வேண்டாம் என்று தெளிந்துவிடுகிறான்.

இதைச் சொன்னதும், 'இருப்பதை வைத்துத் திருப்திப்படு' என்று உபதேசிக்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த உபதேசம் நம் ஊர்ப் பெண்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. முந்தைய கதையான 'தி ஹாபிட்'டின் நாயகன் பில்போ, கைக்குட்டைகூட எடுக்காமல் சாகசப் பயணத்துக்கு வாசலைத் தாண்டி ஓடினானே, அதுவும் இதே ஆசிரியர் எழுதியதுதான். சாமின் தோட்டத்தில் நான் பார்ப்பது அளவை அல்ல, அது அவனுடையது என்பதை. உங்கள் கடிதத்தில் வங்கி வருகிறது, பையன் வருகிறான், கணவர் வருகிறார். படிப்பதைத் தவிர, உங்கள் இஷ்டத்துக்கு உங்கள் கையால் செய்யும் ஒன்றுகூட வரவில்லை. மாடியில் நாலு தொட்டியோ, பாதியில் விட்ட பாட்டு வகுப்போ, எதுவானாலும் சரி. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அதற்கு என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், அறிவியுங்கள்.

இன்னொன்று, ஹாபிட்டுகள் (சாமும் பில்போவும் பிறந்த குள்ள மனித இனம்) தங்கள் பிறந்தநாளில் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பவர்கள். நம் பிள்ளைகள் வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். வீட்டுக் குடைகளைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகும் ஓர் உறவினருக்கு, பில்போ பெயர் எழுதிய ஒரு குடையையே பரிசாக விட்டுப் போகிறான்! நீங்களோ உங்கள் சந்தோஷத்தை எல்லாரும் தூங்கிய பிறகு, தனியாக, திருட்டுப் பண்டம் போல அனுபவிக்கிறீர்கள். பாதிச் சலிப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் ஆறிவிடும் என்றும் இந்தக் கதை சொல்வதில்லை. ஊரைக் காப்பாற்றிய ஃப்ரோடோவுக்கே காயம் ஆறவில்லை, கப்பலேறிப் போய்விடுகிறான். அதே ஊரில் சாம் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மரம் நட்டு வாழ்கிறான். மனம் நிஜமாகவே கனத்துத் தூக்கமும் பசியும் கெட்டால், புத்தகத்தை நம்பி உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கணவருக்கு வருவோம். மூன்று பாகத்தையும் அவர் கையில் திணிக்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். 1937-ல் வந்த 'தி ஹாபிட்'டில் தொடங்குங்கள். அதை அச்சிடலாமா என்று முடிவு செய்ய, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் 10 வயது மகன் ரேனரிடம் கைப்பிரதியைக் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். 5 முதல் 9 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் 'பெரிய மனிதர்' எழுதிக் கொடுத்தார். உங்கள் பையனுக்கு 9 ஆகிவிட்டது. இந்த வருஷத்தை விட்டால் ரேனர் கணக்கில் தகுதி போய்விடும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, தமிழில் கதையாகவே அவனுக்குச் சொல்லுங்கள். டிராகன் வரும் கட்டத்தில் கணவர் டிவி சத்தத்தைக் குறைக்கிறாரா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.